மூடிவைத்த லெப்டொப்பில் நின்றுபோன நேரம்

இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். பறித்த கொழுந்தை மாடியில் பரப்பி வாடவிடுவோம்; வாடும் நேரத்தை எண்ணி, முடிந்ததும் மணியடிக்கும் பழைய புரோகிராம் ஒன்று எங்களிடம் உண்டு. அது ஓடிய கணினி பழுதானதும், பழைய கணினி போலவே நடிக்கும் எமியுலேட்டரை என் லெப்டொப்பில் போட்டு, அந்தக் காலத்து இயங்குதளத்தை அதற்குள் ஓடவிட்டேன். எல்லாரும் மெச்சினார்கள்.

தேயிலைத் தூசு படியாமல் பழைய கணினியைத் துணியால் மூடிவைப்போம். அதே பழக்கத்தில் ஒருநாள் காலை லெப்டொப்பை மடித்து மூடிவிட்டு, ஸ்டோரில் சரக்கு ஏற்றப் போனேன். சாப்பாட்டு நினைவே வரவில்லை. வெளியே ஒரே பனிமூட்டம், பொழுதும் தெரியவில்லை. திரும்பி வந்து திறந்தால், கொழுந்து வாட இன்னும் நேரமிருப்பதாகத் திரை காட்டியது. நிம்மதியாக உட்கார்ந்தேன். அப்போது ரயில் கூவியது.

கொழுந்து பரப்பும் செல்வி வாசலில் நின்றாள். "அது எந்தக் கோச்சி?" என்றேன்.

"பதுளைக் கோச்சிங்கய்யா. மத்தியானத்துக்கு மேல வேற எது வரும்?"

எமியுலேட்டர் திரையின் மூலையில் இன்னும் காலை மணிதான். இருவரும் மாடிக்கு ஓடினோம். ஓரத்துக் கொழுந்து சருகாகியிருந்தது, மற்றது தப்பியது.

மூடினால் லெப்டொப் தூங்கிவிடும். எமியுலேட்டருக்குள் இருக்கும் பழைய கணினிக்கு நேரமும் நின்றுவிடும்; திறந்ததும் விட்ட இடத்திலிருந்தே எண்ணும். கொழுந்து நமக்காக நிற்பதில்லை.

இப்போது தூசு படிந்தாலும் லெப்டொப்பை மூடுவதில்லை. பதுளைக் கோச்சி கூவினால், திரையையும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.