நாத்தம் வராத மருந்து

எங்க வூட்டுக்காரரு ராயபுரத்துல கரப்பான், எலி, கரையானுக்கு மருந்து அடிக்கிறவரு. அந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. நான் கெமிஸ்ட்ரில டிகிரி முடிச்சிட்டு அவருக்கு சோறு கட்டிக் குடுத்துகினு இருந்தவ. படிச்ச ஆளு பேர்லதான் மருந்து அடிக்க லைசென்ஸ் தருவோம்னு கவர்மெண்ட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அப்பால இன்னா, லைசென்ஸ் என் பேர்ல வந்துடுச்சு. பயிற்சிக்கும் நான்தான் போனேன். அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணுமே அன்னிக்கு!

அதோட வுட்டாங்களா? ஒரு மருந்தக் கத்துக்கிறதுக்குள்ள அதை வேணாம்னுடுவாங்க. எலி ஒட்டுற பசை அட்டைய வைக்காதன்றாங்க. குப்புனு அடிச்சா கரப்பான் கொத்து கொத்தா வுழுமே, அந்த மருந்தையும் தடை பண்ணிட்டாங்க. தெனம் ஃபோன்ல இதைப் படிக்கிறதே எனக்கு ஒரு வேலை. படிச்சுச் சொன்னா அவருக்குக் கடுப்பு. சட்டத்த நானே எழுதுனா மாதிரி சண்டைக்கு வருவாரு.

திருவொற்றியூர்ல ஒரு அக்கா மெஸ் நடத்துது. எண்ணூர் பக்கம் கம்பெனிக்குப் போறவங்களுக்குக் காலைல நாஸ்தா, மத்தியானம் மீன் கொழம்பு சோறு. அதை வச்சுதான் அவங்க குடும்பமே ஓடுது. அங்க கரப்பான் கீதுன்னு எவனோ ஃபுட் ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டான். அடுத்த வாரம் ஆபீசரு வர்றாரு, ஒண்ணு கண்ணுல பட்டாலும் சீல் வச்சிடுவாருன்னு அக்கா ஒரே அழுகை.

பரண்மேல பழைய மருந்து ஒரு பாட்டில் கீது, ஒரு தபா அடிச்சா முடிஞ்சுதுன்னாரு இவரு. சோறு ஆக்குற எடத்துல அதை அடிச்சா கரப்பானுக்கு முன்னாடி சாப்புட வர்றவங்க போய்ச் சேந்துடுவாங்கன்னேன். கேக்கல.

"லைசென்ஸ் என் பேர்ல கீது. நான் வேணாம்னா வேணாம்."

அன்னிக்கு நான் போட்ட சோத்த அவரு தொடவேயில்ல.

இப்ப வர்றது ஜெல்லு. பாசிப்பயறு சைஸுக்கு சந்துபொந்துல வச்சா போதும், கரப்பான் அதைத் தின்னுட்டு உள்ளயே போய்ச் சாவும். வச்சிட்டு வந்தோம். மறுநாளே அக்கா ஃபோன் பண்ணுச்சு. நாத்தமும் காணோம், செத்ததும் காணோம், என்னை டபாய்ச்சிட்டீங்கன்னுச்சு. எங்க ஜனங்களுக்கு மருந்துன்னா கண்ணு எரியணும், இருமல் வரணும், வூட்டப் பூட்டிகினு பக்கத்து வூட்ல போய்க் குந்தணும். திரும்பி வந்தா கரப்பான் மல்லாக்கக் கிடக்கணும். அதை இவரு பேப்பர்ல வாரிக் காட்டணும். அப்பதான் மனசு ஆறும்.

நேர்ல போய்ப் பாத்தேன். தாவு தீந்துடுச்சு எனக்கு. எங்க மேல நம்பிக்கை இல்லாம அந்தக்கா கடைல ஸ்ப்ரே வாங்கி, ஜெல்லு வச்ச எடமெல்லாம் அடிச்சு வச்சிருக்கு. அதுக்கு மேல பினாயில் வேற. அந்த வாடைக்குக் கரப்பான் எப்படி ஜெல்லத் தின்னும்? கிட்டயே வராது. அரிசி மூட்டைக்கு அடியில ஜம்முனு குடும்பம் நடத்துது. ஆத்திரத்துல கத்திட்டேன். அக்கா ஓன்னு அழுதுச்சு. அப்பால பாவமா பூடுச்சு.

இவரு சட்டையக் கழட்டி மாட்டிட்டு, அக்கா அடிச்ச எடத்தையெல்லாம் சோப்புத் தண்ணி போட்டுத் தொடைச்சாரு. நான் பின்னாடியே புது ஜெல்லு வச்சுகினு போனேன். ஆபீசரு வர்ற வரைக்கும் மூலைங்களக் கழுவக்கூடாதுன்னு அக்காகிட்ட சத்தியம் வாங்கிகினேன். அதுல இருந்து தெனம் காலைல இவரு போய் அடுப்பு, ஃபிரிட்ஜெல்லாம் நகத்தி, செத்தத வாரி அக்காவுக்குக் காட்டிட்டு வந்தாரு. அதைப் பாத்தப்புறம்தான் அந்தக்கா ஒழுங்கா சாப்புட்டுச்சாம்.

ஆபீசரு வந்த அன்னிக்கு நாங்களும் போய் நின்னோம். டார்ச் அடிச்சு மூலை முடுக்கெல்லாம் பாத்தாரு. ஒண்ணும் ஆப்புடல. மோந்து பாத்துட்டு, மருந்து வாடையே இல்லையேன்னாரு. அக்கா எதுனா ஒளறப் போவுதுன்னு நான் அது கையப் புடிச்சேன்.

அக்கா நெஞ்ச நிமித்திகினு சொல்லுச்சு: "சோறு ஆக்குற எடம் சார். நாத்தம் புடிச்ச மருந்தெல்லாம் நான் உள்ளயே வுட மாட்டேன்."

ஆபீசரு தலையாட்டிட்டுக் கெளம்பிட்டாரு. மெஸ் தப்பிச்சுது.

ஜீப்பு தெருமுனை தாண்டல, அக்கா இவரு காதுகிட்ட வந்துடுச்சு. அடுத்த தபா மட்டும் கொஞ்சூண்டு நாத்தமா எதுனா அடிச்சு வுடு நைனா, இல்லாங்காட்டி எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குதுன்னுச்சு.

இவரு என்னைக் கை காட்டுனாரு.

"என் கைல ஒண்ணும் இல்லக்கா. மேடத்தக் கேளு."

நக்கலுதான், தெரியாதா எனக்கு? ஆனா அந்த மனுசன் வாய்ல இருந்து மேடம்னு வந்தது அதான் மொத தபா. சிரிச்சிகினே கண்ணத் தொடச்சிகினேன்.