விட்டுப்போன வீடு

கலியோப்பியின் கசாப்புக் கடைக்குப் போனவர்கள் கறியோடு மட்டும் திரும்பியதில்லை. கூடவே ஒரு வசவும் கிடைக்கும், இலவசமாக. "விலா எலும்பா வேணும்? சட்டையைக் கழட்டிட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நில்லு, வேண்டியமட்டும் இருக்கு" என்பாள். கேட்டவன் சிரித்துக்கொண்டே அந்த வசவை வாயில் போட்டு மென்றபடி காப்பிக்கடைக்குப் போய் நாலு பேரிடம் சொல்லுவான். அப்பா படுத்த படுக்கையானபோது பதினாறு வயதில் கத்தியைப் பிடித்தவள். பொம்பளை என்ன கறி வெட்டப்போகிறாள் என்று இளக்காரமாகப் பார்க்க வந்த ஆண்களை அன்றைக்கு வாயால் வெட்டித்தான் நிமிர்ந்து நின்றாள். அந்த வாய் அதற்குப் பிறகு மூடவேயில்லை.

ஐம்பது வயதில் அவள் ஊர்த் தலைவர் தேர்தலுக்கு நிற்கப்போகிறேன் என்றதும் வ்ரிசி ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. கிரீட் தீவில், மலைமேல் இருக்கிற எங்கள் ஊருக்குச் சொத்து என்று ஒன்று உண்டென்றால் அது சதுக்கத்துச் சினார் மரத்தடியில் பீறிடும் ஊற்றுதான். தலைவராக இருந்த மினாஸ் அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கடற்கரையில் முளைக்கிற ஓட்டல்களுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மறுபடி ஜெயித்தால் மறுநாளே கையெழுத்து. மினாஸ் கெட்ட மனிதர் இல்லை. நகரத்துக்குப் போய்ப் போய், பெரிய மனிதர்கள் தோளில் கை போட்டால் உருகிவிடுகிற ஆளாகிவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தலைவராக வேண்டுமென்றால் ஒரு சடங்கைத் தாண்டியாக வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், மரத்தடியில் நின்று 'வீடு சொல்ல' வேண்டும். முதலில் சொந்த வீடு, பிறகு மேலத்தெருவிலிருந்து கீழே கடைசி வீடு வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பேர் சொல்லிக் கிண்டலாக வைய வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும், நாக்கு தடுமாறினாலும் ஓட்டு போச்சு. நன்றாக வசவு வாங்கிய வீட்டுக்காரர் அடுத்த தேர்தல் வரை அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார். மினாஸுக்கு எதிராக இத்தனை வருஷம் யாரும் நிற்காததால் அவர் பாட்டுக்கு ஒரு தாளை எடுத்து "மதிப்புக்குரிய குடிமக்களே" என்று வாசித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஊர் கொட்டாவி விட்டுவிட்டு ஓட்டுப் போட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மினாஸ் முதலில் வாசித்து முடித்தார். போகிற போக்கில் துணிந்து ஒரு குத்தும் குத்தினார். "கசாப்புக்காரி கையில ஊரைக் குடுத்தா, கிலோக்கணக்கா வெட்டி வித்துடுவா." கூட்டம் பரவாயில்லையே என்று தலையாட்டியது.

கலியோப்பி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எழுந்து நின்றாள். "நான் வெட்டி வித்தாலும் வாங்கித் திங்கறது இந்த ஊர்தான். நீ தண்ணிய வித்துட்டு வந்தா, குளிக்கறதுக்குக் கடற்கரை ஓட்டல்ல ரூம் போடணும் நாங்க." பிறகு வழக்கப்படி சொந்த வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். "இது என் புருஷன் சிஃபிஸ். கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார் கேட்டப்போ 'சம்மதம்'னாரு. அடுத்த வார்த்தைக்காக இன்னிக்கு வரைக்கும் காத்துக்கிட்டிருக்கேன்." சிஃபிஸ் ஒன்றும் பேசாமல் எழுந்து நின்று எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார். சதுக்கம் குலுங்கியது.

அடேயப்பா, என்ன வாய் அது. பாதிரியாரைப் பார்த்து, "சாமி, உங்க பிரசங்கத்தைக் கேட்டிருந்தா, கல்லறையிலேருந்து உயிரோட எழுந்து வந்த லாசரு திரும்பிப் போய்ப் படுத்திருப்பாரு" என்றாள். காப்பிக்கடை மந்தோஸிடம், "உன் காப்பியக் குடிச்சாத் தூக்கம் வருது. எவ்வளவுன்னு கேட்டா அதுவும் போயிடுது" என்றாள். எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் கஞ்ச அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பல்செட்டு என்றும், ஞாயிற்றுக்கிழமை யார் சிரிப்பது என்று வீட்டில் அடிதடி நடப்பதாகவும் சொன்னாள். அந்த இருவரும் பல் தெரியச் சிரித்துத் தங்களுக்குத் தனித்தனி என்று நிரூபித்தார்கள். மினாஸையும் விடவில்லை. "வீட்டுல பசிச்சாலும் பையிலேருந்து தாளை எடுத்து 'மதிப்புக்குரிய மனைவியே'ன்னு வாசிச்சாத்தான் இவருக்குச் சாப்பாடு." மினாஸே சிரித்துவிட்டார்.

சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை அவள். நொண்டுகிறவரின் காலைத் தொட மாட்டாள், பிள்ளையில்லாதவளின் மடியைத் தொட மாட்டாள். ஒருவர் தன்னிடம் எதை நினைத்து ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறாரோ அங்கே போய்க் கிள்ளுவாள். கிள்ளப்பட்டவருக்கு வலிக்கும். ஆனாலும் இவளுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும். அதனால்தான் ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

கீழத்தெருவுக்கு வந்தபோது ஸகரியாஸின் வீடு வந்தது. ஸகரியாஸ் முன்வரிசையில் துக்கத்தின் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. அவர் மனைவி எவாந்தியா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எவாந்தியா கலியோப்பியின் உயிர்த்தோழி. கடையில் யாருக்கு வசவு விழுந்தாலும் தலைத்துணி நழுவுகிற அளவுக்கு முதலில் சிரிக்கிறவள் அவள்தான். கலியோப்பி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். சட்டென்று அடுத்த வீட்டின் பேரைச் சொல்லிவிட்டாள்.

ஸகரியாஸ் எழுந்தார். யாரையும் பார்க்காமல் சந்துக்குள் இறங்கிப் போனார். சிரிப்புச் சத்தத்தில் பலர் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் கூட்டம் நெரிகிற நாள். ஆனால் ஸகரியாஸின் தம்பிகள் வீட்டிலிருந்தோ அவர்கள் கிளையில் வேறு எந்த வீட்டிலிருந்தோ ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கிளை முழுக்க ஒரே பக்கம்தான் ஓட்டுப் போடும் என்பது ஊரறிந்தது. மத்தியானம் மந்தோஸ் வந்து செய்தி சொன்னான். மினாஸ் காலையிலேயே ஸகரியாஸ் வீட்டுக்குப் போய் அனுதாபம் சொல்லிவிட்டு, தம்பிகளிடம் கைகுலுக்கிவிட்டு வந்திருக்கிறாராம்.

"பாவம் பாத்து விட்டேன்யா," என்றாள் கலியோப்பி, கத்தியை வைத்துவிட்டு. "மதினி போயி முழுசா ஒரு வருஷம் ஆகல. அந்த மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்லிச் சிரிக்கச் சொல்றே?"

சிஃபிஸ் கறி தொங்கும் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "செத்தது மதினி. நீ அவரையும் சேத்துப் பொதைச்சிட்டே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். "இப்பவே போய் அவர் வீட்டுலயே சொல்லிட்டு வந்துடறேன்."

"வீட்டுக்குள்ள சொன்னா அது சமாதானம் பண்றது. ஊர் முன்னாடி விட்டே, ஊர் முன்னாடி சொல்லு."

சிஃபிஸ் ஒரே நாளில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அதிலேயே அவளுக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது.

சொல்லலாம்தான். எதைச் சொல்வது? அந்த வீட்டை நினைத்தாலே அவளுக்கு எவாந்தியாதான் கண்முன் வந்தாள். தப்பாக ஒரு வார்த்தை விழுந்தால் ஓட்டும் போகும், ஊற்றும் போகும். அதைவிட, ஏற்கெனவே உடைந்து கிடக்கிற ஒரு மனிதனை ஊர்ச் சந்தியில் நிறுத்தி மிதித்ததாக ஆகிவிடும். கலியோப்பிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வாயைக் கண்டு பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மந்தோஸ் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. ஸகரியாஸ் சந்திலிருந்து ஏறி வந்தார். பின்னால் தம்பிகள், அவர்கள் மனைவிமார், வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும். அவருடைய கறுப்புச் சட்டை கசங்கிச் சுருண்டு கிடந்தது. காலரில் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். ஊரிலேயே மடிப்புக் கலையாமல் உடுத்துகிற மனிதர் என்று பேரெடுத்தவர்.

கலியோப்பி அதைப் பார்த்தாள். எழுந்து போய் வழிமறித்து நின்றாள்.

"அண்ணே, நில்லுங்க. உங்க வீடு பாக்கி."

ஸகரியாஸ் நின்றார். காப்பிக்கடையில் கோப்பைகளின் சத்தம் அடங்கியது.

"இத்தனை வருஷமா, ஸகரியாஸ்னு ஒரு மனுஷன் இந்த ஊர்ல இருக்காருன்னு நம்பி நாங்க ஏமாந்துட்டோம்," என்றாள் அவள். "இப்பதான் தெரியுது. அந்த வீட்டுல மனுஷின்னு இருந்தது எவாந்தியா மட்டுந்தான். நீங்க அவ துவைச்சுக் காயப்போட்ட சட்டை."

யாரும் சிரிக்கவில்லை. மூத்த தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். மினாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து, "உனக்கு வெக்கமா இல்ல? துக்கத்துல இருக்கிறவரப் போய்..." என்று ஆரம்பித்தார்.

ஸகரியாஸ் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தலையைக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். காலரை விரலால் வெளியே இழுத்துவிட்டார்.

"இஸ்திரி போட்ட சட்டைன்னு சொல்லு," என்றார். "அவ இஸ்திரி போடாம எதையும் வெளிய விட்டதில்ல."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. தோள் குலுங்க நின்றார். கலியோப்பியும் மேலங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், வெட்கமே இல்லாமல். அப்புறம்தான் சதுக்கம் சிரித்தது. வெள்ளிக்கிழமை சிரித்ததைப்போலப் பெரிதாக இல்லை, ஆனால் எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்களும்தான்.

ஸகரியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனார். கிளை மொத்தமும் பின்னாலேயே போனது. சாயங்காலம் எண்ணி முடித்தபோது கலியோப்பி மயிரிழையில் ஜெயித்திருந்தாள். அந்தக் கிளையின் ஓட்டு இல்லாமல் அது நடந்திருக்காது. மினாஸ் ஊற்றில் ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, "கடைசிக் கிண்ணம் இல்லன்னு நெனைக்கிறேன்" என்று அவளிடம் கைகுலுக்கினார். தன்னைத்தானே வாரிக்கொண்ட அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை ஊருக்குப் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை காலை ஸகரியாஸ் கடைக்கு வந்தார். துவைத்த சட்டை, பொத்தான்கள் ஒழுங்காக. "அரைக் கிலோ குடு" என்றவர், மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினார். சட்டையின் பின்னால், இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே கருகித் தெரிந்தது.

"உனக்காகத்தான் கொண்டாந்தேன். சொல்லு."

கலியோப்பி கத்தியைத் துடைத்தாள். "அண்ணே, இதைக் கழட்டி வெச்சு இஸ்திரி போட்டீங்களா, இல்ல போட்டுக்கிட்டேவா?"

"போட்டுக்கிட்டேதான்," என்றார் ஸகரியாஸ். "முதுகுல கை வைக்க இப்ப வேற யாரு இருக்கா?"

கலியோப்பி அரைக் கிலோவை நிறுத்து, அதன் மேல் ஒரு நல்லி எலும்பையும் வைத்துக் கட்டினாள். பிறகு கறி வெட்டும் மேடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அந்தக் கருகல் மேலேயே ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.