கவாத்துக்கு முந்தைய நாள்

ஆகஸ்ட் 21, 2024, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீரில் முகம் கழுவி, பேட்டரிகளைச் சரிபார்த்து, லென்ஸைத் துடைத்து, காபி குடித்துவிட்டுக் கேமராவோடும் முக்காலியோடும் குன்னூர் வீட்டிலிருந்து இறங்கினேன். கல்லூரியில் வகுப்பு பிற்பகலில்தான்.

மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை, ஒரே பாறையில் முக்காலியை வைத்து எதிரே உள்ள தேயிலைச் சரிவைப் படம்பிடித்து வந்தேன். கேமரா அசையாது. மறுநாள் அங்கே கவாத்து; செடிகளை வெறும் குச்சிகளாக வெட்டிவிடுவார்கள். அதனால் அன்றைய கொழுந்தெடுப்புதான் என் வீடியோவின் கடைசிக் காட்சி. அது அமையாவிட்டால் கண்காட்சிக்கு அனுப்ப முடியாது.

வரப்போவதை முந்தின நாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருந்தேன். பெண்கள் சரிவில் ஏறி வந்தார்கள். எல்லோரும் பட்டுப்புடவையில், தலை நிறையக் கனகாம்பரம். செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு ஒருவரிடமும் இல்லை.

“சூட்டிங்னா நல்லா இருக்கோணுமில்லீங்க மேடம்? நாந்தான் சொல்லிப்போட்டேன்” என்றார் சூப்பர்வைசர்.

“எப்பவும்போல வந்தாப் போதுமே.”

முன்னால் நின்ற அக்கா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். “எப்பவும்போலத்தானே மூணு வருசமாப் புடிச்சீங்க, டீச்சர்? ஒருக்கா இப்படியும் புடிங்க.”

“பொடவை கிழிஞ்சா?” என்றேன்.

“சூப்பர்வைசர் வாங்கித் தருவாரு” என்றது பின்வரிசை. அவர் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவை வைத்துவிட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்வேன். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். முதலில் கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொழுந்தில் இறங்கிவிட்டார்கள். பனிக்குள் கத்தரிப்பூ நிறமும் மாம்பழ மஞ்சளும் தோன்றித் தோன்றி மறைந்தன. மூன்று ஆண்டுகளில் இவ்வளவு நல்ல காட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

கண்காட்சிக்கு வீடியோவோடு அனுப்ப எழுதிவைத்திருந்த குறிப்பையும் சேர்த்து வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒரு மாணவி கை தூக்கினாள். “மத்த மாசமெல்லாம் சாக்கு, இதுல மட்டும் பட்டு. நீங்க செட் பண்ணின மாதிரியே இருக்கு மேம். ‘எதையும் நான் ஏற்பாடு செய்யவில்லை’ன்னு குறிப்புல எழுதியிருக்கீங்களே, அதை எடுத்துடலாம்ல?”

“நான் என்ன ஏற்பாடு செஞ்சேன்? அவங்க செஞ்சாங்க” என்றேன்.

மறுநாள் காலை, காபிக்கும் முன்னால், குறிப்பில் ஒரு சொல்லையும் மாற்றாமல் வீடியோவைக் கண்காட்சிக்கு அனுப்பினேன்.