உயிரின் மூலப்பத்திரம்

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலத்தை விற்க வருகிறவரிடம் முதலில் நான் கேட்பது, "இது உமக்கு எப்படி வந்தது?" என்பதுதான். சட்டப்படி அது அப்போது எங்கள் வேலையல்ல. பதிவு செய்வது எங்கள் வேலை, உரிமை யாருக்கு என்பது நீதிமன்றத்தின் தலைவலி. ஆனாலும் கேட்பேன். அப்பாவிடமிருந்து வந்தது என்பார். அப்பாவுக்கு? தாத்தாவிடமிருந்து. தாத்தாவுக்கு? அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இருமுவார்கள். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்திய பத்திரத்தைக் கைகாட்டும். அப்படியே பின்னால் போனால் எங்கோ ஒரு மூலப்பத்திரம் இருந்தாக வேண்டும். இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அரசாங்கமே நடக்கிறது.

உயிருக்கும் இதே சிக்கல் உண்டு என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு விலங்கியல் ஆசிரியர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். எங்கள் ஊர்ப் பெரிய குளத்தின் கரையில் பஞ்சாயத்து போட்டுக் கொடுத்த சிமெண்டு பெஞ்சில் தினமும் சாயங்காலம் அவர் ஒரு ஓரமும் நான் ஒரு ஓரமுமாக உட்காருவோம். என் மனைவி போன பிறகு பழகிய பழக்கம் அது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்பான். பால்காரர் காலையில் வந்து பாத்திரத்தை எடுக்கச் சொல்வார். இவற்றைக் கழித்துவிட்டால், ஒரு நாளில் என்னோடு முழு வாக்கியம் பேசுகிற மனிதர் அந்த விலங்கியல் ஆசிரியர் ஒருவர்தான். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. நிலவரம் அவ்வளவுதான்.

நாங்கள் பேசுவதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது? அரசியல் பேசினால் இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் ஏறும். பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் வேறு எதுவோ இறங்கும். கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்திய சங்கதி என்றால் யாருக்கும் சேதமில்லை.

அவர் கட்சி, கடவுள் படைத்தார் என்பது. வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் அவர் நடத்திய பாடம் வேறு. கரும்பலகையில் கண்ணாடிக் குடுவை வரைவார். தண்ணீர் கொதிக்கும், மீத்தேனும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் சுற்றி வரும், மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாயும், ஒரு வாரத்தில் தண்ணீர் சிவந்துபோய் அதில் அமினோ அமிலம் இருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி. படத்துக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை அதே வாயால் ஆறு நாள் படைப்பை வாசிப்பார்.

"ரெண்டுல எது சாறே நெசம்?" என்று கேட்டால் சிரிப்பார்.

"ஒண்ணு சம்பளத்துக்கு, ஒண்ணு ஆத்துமாவுக்கு. நீரு மட்டும் என்ன ஓய்? கவர்மெண்டு சீலு குத்தின கையால நெத்தியில திருநீறு பூசலியா?"

பூசினேன்தான். ஆனால் என் கட்சி விஞ்ஞானம். படித்து வந்த ஞானமல்ல, வேலையில் வந்தது. எல்லாவற்றையும் பத்திரவகையாகப் பிரித்துப் பார்க்கிற புத்தி. அவருடைய படைப்புக் கதை ராஜா காலத்துத் தானம் மாதிரி. மேலே இருக்கிறவர் மனமுவந்து கொடுத்தார், கீழே இருக்கிறவன் வாங்கிக்கொண்டான், ராஜாவுக்கு நிலம் எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. என் வீட்டுச் சைவம் சொல்வது வேறு வகை. அதில் உயிருக்குத் தொடக்கமே கிடையாது. கடவுளைப் போலவே உயிரும் என்றைக்கும் உள்ளது, கடவுள் அதற்கு உடம்பைத்தான் கொடுக்கிறார். இதைப் பதிவு அலுவலகத்தில் அனுபவ பாத்தியம் என்போம். பத்திரம் கிடையாது, ஆனால் நினைவுக்கெட்டாத காலம் முதல் இவர்கள்தான் அனுபவிக்கிறார்கள். மூன்றாவது விஞ்ஞானம். யாரும் கொடுக்கவில்லை. கடலடியில் வெந்நீர் பீச்சுகிற பிளவிலோ, வற்றி வற்றி நிறைகிற ஏதோ ஒரு குட்டையிலோ சில மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டன, தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கப் பழகின, அங்கேயே தங்கிவிட்டன. அதாவது புறம்போக்கு ஆக்கிரமிப்பு. முதலில் குடிசை, பிறகு ஓடு, இப்போது மாடி.

நான் இதைச் சொன்னபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்போ நானும் நீரும் ஆக்கிரமிப்பு. காலி பண்ணச் சொல்லி நோட்டீசு வருமா?"

"வரும் சாறே. எல்லாருக்கும் வரும். மேல்முறையீடு கிடையாது."

அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். இருட்டிய பிறகும் இவர் வீட்டுக்கு வரவில்லையென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைக்கே வந்துவிடுவார். "அண்ணாச்சி, உயிரு எங்கேருந்து வந்துன்னு கண்டுபிடிச்சாச்சா? வந்த உயிருக்கு மூணு நேரமும் கஞ்சி ஊத்த ஒருத்தி வேணும்லா, அதையும் ரெண்டு பேருமா எழுதி வையுங்க." ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர். உயிர் எப்படி வருகிறது என்று எங்கள் இருவரையும்விட அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு அதில் ஆர்வம் இருக்கவில்லை.

போன ஆடிக்காற்று அடிக்கிற காலத்தில் அந்த அம்மாளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. ஓணத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் செய்தார். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகிறது என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னார். எல்லாரும் வரிசையாக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். ஈரமான செம்மண், கையை விட்டு உடனே விழவில்லை. விலங்கியல் ஆசிரியர் போடவில்லை. மகள் அவர் கையைப் பிடித்து மண்ணை வைத்தாள். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். துக்கத்தில் மறந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மற்ற வேலைகளை நான் பார்த்துக்கொண்டேன். இறப்புச் சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது, கருவூலத்துக்குத் தகவல் கொடுத்து அந்த அம்மாளின் ஓய்வூதியத்தை நிறுத்துவது, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது. ஒரு மனிதர் இல்லை என்பதை அரசாங்கத்தை நம்ப வைக்க எத்தனை கையெழுத்து வேண்டுமென்று எனக்குத் தெரியும். என் மனைவி விஷயத்தில் எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் முடித்தேன். முடிந்த மறுநாள் காலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சமையலறையில் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் சாருக்காக நான் அவசரப்படவில்லை. அவரோ எதையும் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மகள் ஊருக்குப் போன பிறகும் பல நாள் அவர் பெஞ்சுக்கு வரவில்லை. நான் மட்டும் போய் என் ஓரத்தில் உட்காருவேன். பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தும் நடுவில் உட்காரத் தோன்றவில்லை. எதிரே, ஒரு காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் பத்திரங்களில் பாதி என் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்படியொன்றும் பொழுதுபோக்கல்ல.

கார்த்திகை வாக்கில் ஒருநாள் வந்தார். உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். நான் பழைய இடத்திலேயே தொடங்கினேன்.

"விண்கல்லுலயும் அமினோ அமிலம் இருக்காம் சாறே. அப்போ உயிருக்கு வேண்டிய சாமானெல்லாம் ஆகாசத்துலேயே கிடந்திருக்கு. படைக்க ஆளு வேண்டியதில்லை."

இதற்கு அவர் வைத்திருந்த பதிலை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். செங்கல் குவிந்து கிடந்தால் வீடாகிவிடுமா, கொத்தனார் வேண்டாமா என்பார். அதற்கு நான் சொல்வதும் தயாராக இருந்தது.

அவர் சொன்னது, "இருக்கும் ஓய்."

அவ்வளவுதான். நாற்பது வருடம் பரிசோதனைக் குடுவையையும் ஏதேன் தோட்டத்தையும் ஒரே பையில் தூக்கி வந்த மனிதர், "இருக்கும்" என்று சொல்லிப் பையைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் இன்னும் கடுமையாகச் சொல்லிப் பார்த்தேன். "நீரு சொல்லுகது சரிதான்" என்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் ஜெயித்தது அன்றைக்குத்தான். வழக்கு ஜெயித்து, எதிர்வாதி ஊரில் இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று வக்கீல்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்படியே போனால் இன்னும் ஒரு வாரத்தில் பேச ஒன்றும் இராது, அடுத்த வாரம் அவர் வரவும் மாட்டார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காலியாகக் கிடந்த அவர் கட்சியை நானே எடுத்துக்கொண்டேன்.

பணி ஓய்வின்போது அலுவலகத்தில் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த வேதப்புத்தகம் அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. முதல் அதிகாரத்தை, எதிர்மனுவுக்குப் பதில் தயாரிப்பது போல வாசித்தேன். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"சாறே, நான் மறுபடி யோசிச்சேன். நான்தான் தப்பு. மூலப்பத்திரம் இல்லாம இவ்வளவு பெரிய சொத்து வராது. கொடுத்தவரு ஒருத்தரு இருக்காரு."

திரும்பிப் பார்த்தார். "என்ன ஓய், ஞானஸ்நானம் எடுக்கப் போறீரா?"

"வரிசையைப் பாரும். எவ்வளவு ஒழுங்கு. முதல் நாளு சூரியன், ரெண்டாம் நாளு ஆகாசம், மூணாம் நாளு செடி கொடி. எந்த ஆபீசுலயும் இப்பிடி முறைப்படி வேலை நடக்காது."

"முதல் நாளு சூரியனா?"

"வெளிச்சம் வந்துன்னு இருக்குலா?"

"வெளிச்சம்தான் முதல் நாளு. சூரியன் நாலாம் நாளு. செடி அதுக்கு முந்தி, மூணாம் நாளு." எரிச்சலோடு சொன்னார். "வாசிச்சீரா, புரட்டினீரா?"

உண்மையிலேயே வாசித்திருந்தேன். வெளிச்சம் என்றதும் சூரியன்தானே என்று மனது எழுதிக்கொண்டுவிட்டது. எல்லைகள் சரியில்லை என்று எத்தனை பத்திரத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதில், அவர் குரலில் அந்த எரிச்சலைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது.

"சூரியன் இல்லாம செடி எப்பிடி சாறே பச்சையாகும்?" என்று உடனே பிடித்தேன்.

குளத்தின் நடுவில் ஒரு முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"அவ கேட்டா ஓய். ஆஸ்பத்திரியில, கடைசிக்கு முந்தின நாளு. 'ஏங்க, நம்மளை ஒருத்தரு உண்டாக்கினாருங்கது நெசந்தானா, இல்ல உங்க போர்டுல போடுத படம் மாதிரியா'ன்னு கேட்டா. வெளையாட்டுக்கில்ல. நெசமாட்டே கேட்டா."

அவரே தொடர்ந்தார்.

"நான் எத்தனை பிள்ளையளுக்கு ரெண்டும் சொல்லிக் குடுத்தவன். சபையில கேட்டா ஒண்ணு, கிளாசுல கேட்டா ஒண்ணு. அவ கேட்டப்போ ஒண்ணும் வாயில வரல்லே. தண்ணி குடிக்கியான்னு கேட்டேன். குடிச்சா. தூங்கிட்டா." கையை விரித்துப் பார்த்தார். "கல்லறையில அதான் மண்ணு போடல. மண்ணுலேருந்து வந்தவன்னு நெனச்சுப் போடணும், இல்ல சும்மா போடணும். எதுன்னு தெரியாம எப்பிடிப் போட?"

எந்தக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு என்று வாழ்ந்தவன் நான். இதற்கு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. என் மனைவி என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தண்ணீர்தான் கொடுத்திருப்பேன். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆறுதலாக எடுத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியவில்லை.

எழுந்திருக்கும்போது சொன்னார்: "இனி எனக்கு இதுல வாதம் பண்ண முடியாது ஓய். எந்தப் பக்கமும் முடியாது. ஆனா நீரு தப்பும் தவறுமாச் சொல்லாதேயும். கேக்கச் சகிக்கல்லே."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமாக் கிளறும்போது அவர் கடைசியாகச் சொன்னதையே திரும்பத் திரும்ப யோசித்தேன். வாதம் முடியாது என்றார். திருத்த முடியாது என்று சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு தவறு தயார் செய்துகொண்டு போகிறேன். திமிங்கிலத்தை ஆறாம் நாளில் கொண்டுவந்து போட்டேன். "அஞ்சாம் நாளு" என்றார். குடுவைக்குள் ஆக்சிஜனை விட்டேன். "ஆக்சிஜன் இருந்தா உண்டானதெல்லாம் எரிஞ்சு போகாதா, யாரு உமக்குப் பாடம் எடுத்தது?" என்று கால்மணி நேரம் பேசினார், விரலால் காற்றில் குடுவையை வரைந்துகூடக் காட்டினார். எங்கள் சைவத்தையும் விடவில்லை. உயிரைக் கடவுள் படைத்தார் என்று எங்கள் ஆட்கள் சொல்வதாகச் சொன்னேன். "உம்ம மதமும் உமக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு எனக்கே அதை விளக்கினார்.

தவறு செய்வது நினைத்த அளவு சுலபமில்லை. மிகப் பெரிதாக இருந்தால் வேண்டுமென்றே செய்வது தெரிந்துவிடும். மிகச் சிறிதாக இருந்தால் கவனிக்க மாட்டார். நம்பும்படியாக இருக்க வேண்டும், சார்பதிவாளர் ஒருவர் அறியாமையால் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதற்குச் சரியானது எதுவென்று முதலில் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் பகலெல்லாம் படிக்கிறேன். இந்த வயதில் உயிரின் தோற்றம் பற்றி இந்த மாவட்டத்தில் என்னளவு படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். எல்லாம் சாயங்காலம் தப்பாகச் சொல்வதற்கு.

அவருக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தேர்வுத்தாள் திருத்தியே வாழ்ந்தவர், தெரியாமல் இருக்குமா. கேட்டுவிட்டால் முடிந்துவிடும் என்பதால் கேட்பதில்லை.

எல்லா நாளும் பலிப்பதில்லை. நேற்று, முதல் உயிருக்கு மூக்கு இருந்திருக்குமா என்று கேட்டு வைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "இருக்கும் ஓய்" என்றார். திருத்தவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். டார்ச்சோடு யாரும் வரவில்லை. பிறகு அவரவர் வீட்டுக்கு நடந்தோம். நான் விளக்கைப் போட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுநாள் என்ன தவறு சொல்லலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன்.