பெயரில்லாமல் போன பதில்

கடதாசியில் ஏறிய ஒரு பெயர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? அன்றைக்கு எனக்கு இதற்குப் பதில் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் லொட்ஜ் நடத்திய பத்மாவதிக்கும் தெரியாது.

1994. இந்தியாவில் பிளேக் கொள்ளைநோய் என்று பத்திரிகைகள் அலறிய நேரம். பத்மாவதிக்கு அதைவிடப் பொலிஸ் பதிவில்தான் பயம். தங்கியிருப்போர் பட்டியலைத் தினமும் பொழுதுபட நிலையத்தில் கொடுக்க வேண்டும். போர்க்காலம்; யாழ்ப்பாண அடையாள அட்டை என்றால் ஆளை விசாரணைக்குக் கொண்டுபோவார்கள். சாவகச்சேரியில் இருந்தவரைக்கும் பொய் சொல்லத் தெரியாதவள், இங்கே வந்துதான் பழகினாள். மெட்ராஸிலிருந்து வந்த நமசிவாயத்திடமும் அந்த அட்டைதான்; இரண்டு நாளில் வவுனியாவுக்குப் போகிறவன். பாவமென்று அவன் பெயரை எழுதாமல் விட்டாள்.

மறுநாள் காலை, எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் சுகாதாரப் பரிசோதகர் அலவி ஒரு கடதாசியோடு வந்தார்.

"தங்கச்சி, நமசிவாயமெண்டு ஒராள் இங்க இரிக்காரா? எயார்போட் படிவத்தில ஒழுங்கைப் பேர் மட்டுந்தான் எழுதியிரிக்கார். பிளேனில பக்கத்தில இருந்தவர் சிங்கப்பூர் போய்க் காய்ச்சலில விழுந்திட்டாராம். கொள்ளைநோயோ எண்டு சந்தேகம். அங்க இருந்து பெக்ஸில கடதாசி வந்திரிக்கி."

"அப்பிடி ஒருத்தரும் இல்லை நானா." நாக்கு முந்திக்கொண்டது.

"கண்டாச் சொல்லுங்க. மருந்துக் குளிசை உடனே துவங்கினாத் தப்பலாம். பிந்தினாக் கூட இரிக்கிறவங்களுக்கும் ஆபத்து."

அவர் படியிறங்கிப் போனார். மாடியில் யாரோ இருமினார்கள். நமசிவாயத்துக்கு அடுத்த அறையில் நேசமலரின் ஆறுமாதக் குழந்தை. பத்மாவதி மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னால் அவனையும் தன்னையும் பொலிஸ் கொண்டுபோகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை?

செருப்பும் போடாமல் காலி வீதி பஸ் தரிப்பிடம்வரை ஓடினாள்.

"நானா! ஆள் இருக்கிறான். பதியேல்லை. இந்தக் கடதாசி பொலிஸுக்குப் போகுமோ?"

வந்த பஸ்ஸை அலவி போகவிட்டார். "சிங்கப்பூர்க்காரன் கேக்கிறது பேர இல்ல, பிளேன் ஆசன நம்பரத்தான். பதினேழு சி கிடைச்சாரா, சுகமா, குளிசை குடுத்தாச்சா. நான் எழுதிறதும் அதத்தான். உங்கட லொட்ஜ் பேர் எனக்கு எதுக்கு?"

அலவி கொடுத்த குளிசையை நமசிவாயம் கையில் வைத்துக்கொண்டு, "பொலிஸ்தான் தேடுமெண்டிருந்தன் அக்கா, இப்ப கிருமியும் தேடுது" என்றான்.

"பகிடியை விட்டிட்டு விழுங்கடா!"

அலவி சொன்னபடி ஏழு நாள் அவன் அறையை விட்டு இறங்கவில்லை. ஏழு மாலையும் அவன் பெயரில்லாத பட்டியலைப் பத்மாவதி நிலையத்தில் நீட்டினாள். ஜீப் சத்தம் கேட்டால் சோறு இறங்காது.

எட்டாம் நாள் அலவி வந்து, சிங்கப்பூருக்கு அனுப்பிய பதிலின் பிரதியைக் காட்டினார். ஒரே வரி: பதினேழு சி, சுகம். மேலே குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

கடதாசியோடு கதவு தட்டுகிறவர்களுக்கும் கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எழுதுவது யாரிடம் போகும் என்று அலவி படியிலேயே சொல்லியிருந்தால், பத்மாவதி வெறுங்காலோடு ஓடியிருக்க மாட்டாள்.