வேலி தாண்டிச் சாய்ந்த வெண்டை

நம் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், பிரிஸ்பேனில் பகையைக்கூட அழகாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், படியில் என் வெண்டைத் தண்டுகள் பூவும் பிஞ்சுமாகச் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தன. மழையில் வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்தவற்றைப் பக்கத்து வீட்டுப் பீட்டர் வெட்டியிருந்தார். வேலி தாண்டியதை வெட்டலாம், வெட்டியதை உடையவரிடம் கொடுத்துவிட வேண்டும். இங்கே அதுதான் மரியாதை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குக் கோபத்தில் கண்மண் தெரியவில்லை.

ஊரில், கடத்தூரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வெண்டை இருந்தது. அதுவும் இப்படித்தான் வரப்பைத் தாண்டிப் பெரியப்பா பக்கம் சாய்ந்தது. அவர் அரிவாளோடு இறங்கி, சாய்ந்தது சாயாதது எல்லாவற்றையும் அடியோடு சீவினார். "காய்ப்புல இருக்கற செடிங்க மாமா, வுட்டுடுங்க!" என்று அம்மா குறுக்கே கை நீட்டினாள். அடுத்த வீச்சு அந்தக் கையில் விழுந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா மண்வெட்டியைத் தூக்கிப் பெரியப்பாவின் தோளில் இறக்கினார். விறகு பிளக்கிற சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு நெடுநாள் அப்பாவைச் சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். அம்மாவின் வலது கை விரல்கள் இன்றுவரை மடங்காது.

அந்த அப்பாவின் மகள் சும்மா இருப்பாளா? சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பீட்டரின் தோட்டத்துக்குள் பாய்ந்தேன். "எங்க வூட்டுச் செடி மேலயா கைய வெச்ச? அந்தக் கைய வெட்டாம போவ மாட்டன்டா!" வயதான மனிதரை 'டா' போட்டேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கத்தியைப் பார்த்தார். வேலிமேல் மிச்சம் சாய்ந்திருந்த தண்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "குட் ஆன் யூ, லவ்" என்று, மிச்சத்தை நானே வெட்ட வந்துவிட்டதாக நினைத்துச் சபாஷ் சொல்லி, அந்தத் தண்டைப் பிடித்து, நான் வெட்ட வாகாக நீட்டினார். அவர் மணிக்கட்டில் பச்சை நரம்பு துடித்தது. கத்தி அதற்கு நேர் மேலே இருந்தது. இறக்கினால் நானும் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தும் கத்தியை அங்கிருந்து விலக்க முடியவில்லை. என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

வெட்டினேன், தண்டைத்தான். பிறகு நிறுத்த முடியவில்லை. என் பக்கம் வந்து, நிமிர்ந்து நின்ற செடிகளையும் ஒன்று விடாமல் வெட்டிச் சாய்த்தேன். பீட்டரின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன்.  எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கயும் உனக்கு ஒரு பங்காளி வந்துட்டானா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு உறவும் கிடைக்காத இந்த மண்ணில் எனக்கு முதல் சொந்தம் பீட்டர்தான் என்று தோன்றியது.