மாமியாருக்காகப் பழகிய பாட்டு

மர்பி டவுனில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு ஆப்பிரிக்கப் பாட்டு வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. நடுத்தெருவில் பெண்கள் கூடையைத் தட்டித் தட்டி ஆடுவார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கேட்டால் கால் சும்மா இருக்காது. டீச்சரான என் மாமியாரின் ரிட்டயர்மென்ட் விழாவில் அதற்கே ஆடுவதென்று நானும் நாத்தனாரும் பத்து நாள் பார்லரிலேயே பழகினோம்.

விழாவுக்கு முதல் நாள், முடி பின்ன வந்த கென்யா மாணவி எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இது எங்க ஊர் மொழி அக்கா. 'கிழவி, மூட்டையைக் கட்டு, உன் காலம் முடிஞ்சுது'ன்னு பாடறாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வேறு பாட்டு பழக நேரமில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "மூட்டைய கட்டத்தானே போறேன்? பாட்ட மாத்தாதே. நடுவுல எனக்கும் ஒரு இடம் விடு" என்றார். விழாவில் அர்த்தத்தை அவரே மைக்கில் சொல்லிவிட்டு ஆடினார். பி.டி. மாஸ்டர் விசிலை எடுத்து ஊதியேவிட்டார்.

புரியாத பாட்டுக்கு ஆடுவதை நான் நிறுத்தவில்லை. மேடையேற்றும் முன் மட்டும், அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து அர்த்தம் கேட்டுக்கொள்கிறேன்.